மூன்றாவது வரி

புவேர்த்தோ மோந்த்தில் மழை மேலிருந்து விழாது,
பக்கவாட்டில் வரும்.
பத்தொன்பது மாத அய்லினை
மழைக்கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு
அந்த வாரம் மூன்று காப்பகங்கள் ஏறி இறங்கினேன்.

முதலாவதில் கேமரா இருந்தது.
"வேலையிடத்திலிருந்தே பிள்ளையைப் பார்க்கலாம்" என்றார்கள்.
சால்மன் மீனின் முள்ளை இடுக்கியால் பிடுங்குகிறவள் நான்.
இரண்டு கையுறை, அதன்மேல் இன்னொன்று.
எந்த விரலால் திரையைத் தொடுவது?
தரையில் ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை.
பதினேழு பிள்ளைகள் இருக்கிற இடத்தில்
அது எப்படி?

இரண்டாவது வீட்டுக்குப் பக்கம். மலிவு.
விறகடுப்பைச் சுற்றித் தடுப்பு இல்லை.
நான் அடுப்பைப் பார்த்ததை அந்த அம்மாள் பார்த்தாள்.
"இதுவரை ஒன்றும் ஆனதில்லை."
அந்த "இதுவரை" என்னோடு பேருந்தில் ஏறி
இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாவதற்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.
உள்ளே ஒரு பையன்
காலணியைச் சாக்காக வைத்து அழுதுகொண்டிருந்தான்.
எதெல்வினா அவனருகே தரையில் காலை நீட்டியிருந்தாள்.
என்னைப் பார்த்து எழவில்லை,
இருங்கள் என்று கையைக் காட்டினாள்.
ஓர் அழுகைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ
அவ்வளவு நேரம் ஆனது.
சூப் வாசனை. ஈரக் காலுறை வாசனை.
அய்லின் கோட்டிலிருந்து தலையை நீட்டி
வானொலிச் செய்தி கேட்பவள்போலக்
கவனமாகக் கேட்டாள்.

பிறகு படிவம்.
தடுப்பூசி, இரத்த வகை, என்ன ஒவ்வாது.
கீழே:
பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்.
மூன்று வரிகள்.
ஒன்றில் நான்.
இரண்டில் எலிசேயோ,
இருபது நாள் கடலில், பத்து நாள் கரையில்.
மூன்றில் பேனா நின்றுவிட்டது.
என் ஆட்களெல்லாம் வடகோடி அரீக்காவில்,
பேருந்தில் இரண்டு நாள்.
தொலைபேசியில் நூற்றுப்பதினொரு பெயர்கள்.
உருட்டினேன்:
குழாய் ரிப்பேர்க்காரர், பல் டாக்டர், வீட்டு உரிமையாளர்,
அழிக்க மனம் வராத, இறந்துபோன ஒருவர்.

"காலியாக விட்டால் நான் வாங்கக்கூடாது" என்றாள் எதெல்வினா.
"பென்சிலால் ஏதாவது எழுதுங்கள்."
பென்சிலையும் தந்தாள்.

மிரேயா என்று எழுதினேன்.
எட்டு மாதமாக பெல்ட்டில் என் இடப்பக்கம் நிற்கிறவள்.
அவளுக்கு முழங்கால் வலி உண்டு,
மீனின் கண்ணைப் பார்க்கமாட்டாள்,
உப்பு பிஸ்கட்டில் பாதியை எனக்குத் தள்ளுவாள்.
குடும்பப்பெயர் தெரியாது.

அன்றிரவு இயந்திர இரைச்சலில்
கத்திக் கேட்டேன்.
"மில்லாக்கேன்" என்று கத்தினாள்.
இரண்டு முறை எழுத்துக்கூட்டினாள்.
எதற்கு என்று கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்.
அவள் இடுக்கி நிற்கவில்லை.
ஒரு முள், இன்னொரு முள்.
மூன்றாவது மீன் கடந்த பிறகு
என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:
"வெள்ளிக்கிழமை மட்டும் என்னால் முடியாது."