உட்காரும் உயரம்

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
வழிவிட்டானின் மரக்கடை.
தகரக் கொட்டகைக்குள் ஓர் அடுக்குக் கட்டில்,
இழைக்காத சவுக்குக் கட்டைகள்,
கணு கணுவாக,
பட்டை உரிந்த இடங்களில் மட்டும் வெளுத்து.
மண்டபம் பக்கம் கடலோரக் குடில் போடும் ஒருவர்
ஆறு கேட்டு ஐந்தோடு நிறுத்திக்கொண்டாராம்.
இது ஆறாவது.

"இரும்பு வேணாம் பாய்,
பெரியபட்டினத்துக் காத்துக்கு
ரெண்டு வருஷம் நிக்காது."
தெரியும்.
எங்கள் ஜன்னல் கம்பி
தொட்டால் கையோடு வரும், அப்பளம் மாதிரி.

சபுரா கட்டையைத் தட்டிப் பார்த்தாள்,
ஊக்கால் குத்தி, வண்டு மாவு கொட்டுகிறதா என்றும்.
பிள்ளைகள் அறையின் அளவு
அவள் கைப்பைக்குள் இருந்தது:
ஒரு தங்கூசி நரம்பு,
நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒன்று.

நான் கீழ்க்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன்.
எழுந்து, மேலதன் மூலையைப் பிடித்து உலுக்கினேன்.
ஏணியை வெறுங்காலால் மிதித்தேன்,
உருண்டைக் கட்டை உள்ளங்காலில் குத்தியது.
"படிய மட்டும் தட்டையா இழைச்சிருங்க.
ராத்திரி இறங்குறவன்
தூக்கத்துலதான் இறங்குவான்.
தலைமாட்டுல சார்ஜருக்கு ஒரு பலகை.
துண்டு தொங்கவிட ஆணி, பக்கத்துக்கு மூணு.
மேல உள்ளவன் புரண்டா
கீழ உள்ளவன் கண்ணுல தூசி விழக் கூடாது."
வழிவிட்டான் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டே
"பாய்க்குத் தச்சு வேல தெரியுமோ?" என்றார்.

தம்மாமில் பதினோரு வருஷம்.
எட்டுப் பேர், நாலு கட்டில்.
வீட்டுக்கு அதை 'ரூம்' என்றுதான் சொல்லியிருந்தேன்.
வீடியோவில் பேசும்போது
முகத்தைச் சுவரோரம் வைத்துக்கொள்வேன்,
ஏழு பேர் துண்டுகளும் படத்தில் விழாமல்.

"உங்களுக்கு மேலயா, கீழயா மச்சான்?"
கணுவைத் தடவியபடி கேட்டாள்.
இத்தனை வருஷம் வராத கேள்வி
விலை பேசுமுன் வந்தது.

"மேல."

செருப்பைக் கழற்றினாள்.
பர்தாவின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஏறி
மெத்தையில்லாத சட்டங்களின்மேல் படுத்தாள்.
லாரியில் கட்டை ஏற்றிய பையன் அப்படியே நின்றான்.
கேட் மணி அடித்து
பாசஞ்சர் போய்
சைக்கிள்களும் போய் முடியும்வரை
அவள் இறங்கவில்லை.
எழுந்து உட்காரப் போனவள்
தகரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.
கொட்டகை முழுக்கக் கேட்டது.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவரிடம் சொன்னாள்:
"மேல்கட்டில அரையடி இறக்குங்கண்ணே."
"கீழ படுக்குற பிள்ளைக்கு இடிக்குமேம்மா."
"அப்ப கீழதயும் இறக்குங்க. தரையோட கிடக்கட்டும்."
"அடியில பெட்டி வைக்க எடமிருக்காதே."
"எங்க வீட்ல இனிமே பெட்டி கிடையாது."

கையில் இருந்த விசா நகலைப் பற்றி
அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.
சட்டைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.

"பிள்ளைங்க உசரம் எவ்வளவு?"
ஜுவைரியா நாலாம் வகுப்பு,
அஸ்மத்துக்கு இன்னும் பால்பல் விழவில்லை.
"இவங்க உசரத்துக்கு வருவாங்க.
இவங்களையே ஏத்தி அளந்துருங்க."

நாலு பேர் சேர்ந்து
கட்டிலை வெயிலுக்கு இழுத்தார்கள்.
ஏறினேன். படிகளை எண்ண வேண்டியிருக்கவில்லை.
தலைக்குமேல் ஒரு பருந்தைத் தவிர ஒன்றுமில்லை.
வழிவிட்டான் லோடு வண்டியின் பலகையில் நின்று
நாடாவைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தார்.
"நிமிருங்க பாய்."
"நிமிர்ந்துதான் இருக்கேன்."

"இல்ல," என்றாள்
கீழேயிருந்து.