இலக்குக் குழு

மூன்றாவது ஆண்டாக அதே படிவம்.
பத்தொன்பது பக்கம்.
டிசம்பர் பதினைந்து, நள்ளிரவோடு வாசல் சாத்திவிடுவார்கள்.

பழைய காலுறை ஆலையின் தரைத்தளத்தில்
எங்கள் சைக்கிள் பட்டறை:
ஒரு ஹீட்டர், கால் ஒடிந்ததோடு சேர்த்து இரண்டு மேசை,
யார் யாரோ தந்துவிட்டுப்போன நாற்பது சக்கரங்கள்.
வெளிச்சுவரில் இரண்டு எட்டுகள், பக்கத்துப் பக்கத்தில்.
அதற்கு என்ன பொருளென்று
இந்தச் சாக்சனி ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.
இருமுறை வெள்ளையடித்தோம்.
ஓதம்போல் மேலேறி வந்துவிடுகிறது.

கேள்வி ஏழு: உங்கள் இலக்குக் குழு யார்?
இலக்கு.
அம்பு விடுகிறவனுக்கும் இதே சொல்தான்.

போன ஆண்டு எழுதினேன்:
தீவிரவாதத்தால் ஈர்க்கப்படும் அபாயத்திலுள்ள
பதினான்கு முதல் இருபது வயது ஆண்கள், இருபத்திரண்டு பேர்.
எழுதியதும் வந்தது முப்பத்தெட்டாயிரம் யூரோ.
வாடகை, என் அரைச்சம்பளம்,
ரசீதோடு பிரேக் கட்டைகள்.
பையன்கள் தேறிவிட்டார்கள் என்று எழுதியிருந்தால்
பணம் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும்.
தீப்பிடிக்காத கூரைக்கு
எந்த அமைச்சகம் தண்ணீர் அனுப்பும்?

கேள்வி பன்னிரண்டு: எத்தனை பேரைத் தடுத்தீர்கள்?
எண்ணில் மட்டும்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை.
காட்டுக் குடிலில் தோழர்களின் கூட்டம், இலவச பீர், கிதார்.
ஃபால்கோ போகவில்லை.
இங்கே என் முன்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான்,
எனக்குக் கம்பி எது ஆரம் எது தெரியாததைச்
சிரித்துக்கொண்டே.
ஏன் போகல என்று கேட்டேன்.
"ஹீட்டர் இங்கதானே இருக்கு."
இதை ஒன்று என்று போடுவதா?
ஹீட்டரின் பெயரில் போடுவதா?

நவம்பர் கடைசி வியாழன்
பிரிண்டர் துப்பிய வரைவை
அவன்தான் முதலில் எடுத்தான்.
வகுப்பில் வாசிக்கச் சொன்னால் திக்குகிறவன்
ஒரு சொல்லும் திக்கவில்லை.
"எடுத்துக்காட்டு: பங்கேற்பாளர் எஃப்., வயது பதினேழு, உயர் ஆபத்து.
தந்தைக்கு வேலையில்லை. அண்ணன் ஏற்கனவே இயக்கத்தில்."

எஃப்-னா நான்தானே, என்றான்.
படிவத்துக்காக எழுதினது, என்றேன்.
அதைவிட மோசமான பதில்
இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டான்.
முப்பத்தெட்டாயிரம், வகுத்தல் இருபத்திரண்டு.
"ஆயிரத்து எழுநூத்தி இருபத்தேழு.
பரவால்ல. நல்ல சைக்கிளே வாங்கலாம்."
கிரீஸைக் கந்தலில் துடைத்தான், விரல் விரலாக.
ஆரச் சாவியை ஆணியில் மாட்டினான்.
கதவை அறையக்கூட இல்லை.

இரண்டு வியாழன் போயிற்று.

நேற்றிரவு கேள்வி ஏழை அழித்துவிட்டு எழுதினேன்:
சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்கள்.
சிவப்பில் ஒளிர்ந்தது திரை:
பட்டியலிலிருந்து மட்டுமே தேர்வு செய்யவும்.
பட்டியலில் மூன்றே வகை.
அபாயத்திலுள்ளோர், அபாயத்துக்கு அருகிலுள்ளோர், இதர.
இதரருக்கு நிதி இல்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
ட்ரெஸ்டனில் இதைப் படிக்கப்போகும் திருமதி ஹென்ரீக்க
கெட்டவர் அல்ல.
போன முறை ஸ்டாலன் கேக் அனுப்பினார்.
அவர் மேலேயும் ஒரு படிவம் இருக்கும்.

முதல் வகையைத் தொட்டேன்.
தொட்டுவிட்டு எஃப்-ஐ மட்டும் எடுத்தேன்,
எடுத்துக்காட்டிலிருந்தும் எண்ணிக்கையிலிருந்தும்.
இருபத்தொன்று.
நானும் வகுத்துப் பார்த்தேன்:
ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது.
மற்ற பையன்களின் விலை ஏறியிருந்தது.

அனுப்பினேன்.

இன்று வியாழன்.
மூன்று மணிக்குப் பட்டறையைத் திறந்தால்
ஆணி இருக்கிறது, ஆரச் சாவி இல்லை.
யார் எடுத்தார்கள், என்றைக்கு, தெரியாது.
சாவி யாரிடமெல்லாம் இருக்கிறது என்று
யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

ஹீட்டரைப் போட்டிருக்கிறேன்.
சூடேற இருபது நிமிடம் ஆகும்.