அறியப்படாத வெளியீட்டாளர்

எட்டரைக்கு விலியா கூப்பிடுவாள்.
எட்டு இருபத்தைந்துக்கு நீர் கண்விழிப்பீர்,
காவல்காரரே.
பகல் முழுக்க உமக்கு ஒரு வேலையும் இல்லை.

மவுசை நகர்த்துகிறேன்.
அம்பு வட்டமாகிறது.
வட்டம் சுற்றுகிறது.
மேசைக்கடியில் பெட்டி
சுமை இழுக்கும் படகுபோல் மூச்சு வாங்குகிறது.
கிளைபெடா துறைமுகத்தில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டுகிறேன்.
பால்டிக் காற்று கயிற்றை முறுக்கும் நாளிலும்
கப்பல் வயிற்றிலிருந்து முப்பது டன் கண்டெய்னரை
நாலு நிமிஷத்தில் கரையில் வைப்பேன்.
வீட்டில் ஒரு சன்னல் திறக்க மாட்டேன் என்கிறது.

இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கோப்புகளில்
ஒன்பதாயிரம் சுத்தம் என்கிறீர்.
எதையெல்லாம் பார்த்தீர்?
மச்சினன் கல்யாணப் படங்கள்,
வெந்நீர்க் கட்டண ரசீது,
கார் விற்ற பத்திரம்.
நேற்றும் இவற்றையே பார்த்தீர்.
பயிரை மேய்கிற வேலி என்றால்
ஒருநாளில் மேய்ந்து ஓய்ந்திருக்கும்.
நீர் மேய்வதில்லை.
இலை இலையாய் எண்ணுகிறீர்,
எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது.

சும்மாவும் வரவில்லை நீர்.
எண்பது லித்தாஸ் அழுதிருக்கிறேன்.
அந்தக் காசுக்கு
வெள்ளரிக்காய் மணக்கும் பிப்ரவரி மீனை
ஐந்து கிலோ வாங்கி
மாடிப்படி முழுக்க வாசம் போக வறுத்திருப்பேன்.

அவள் நார்வேயில், ஓலெசுண்டில்,
காட் மீனை முள் நீக்குகிறாள்.
விடுதியில் ஒரே கணினி, ஆறு பெண்கள்,
ஆளுக்குப் பதினைந்து நிமிஷம்.
அதில் பன்னிரண்டை
நீர் எடுத்துக்கொள்கிறீர்.
மிச்சம் மூன்றில் அவள் முகம்
கட்டம் கட்டமாக வந்து
வாய் திறந்த நிலையில் உறைந்துபோகும்.
குரல் மட்டும் பின்னால் ஓடிவரும்,
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

இத்தனை நாளில் ஒரே ஒரு திருடனைப் பிடித்தீர்.
செவ்வாய்க்கிழமை.
என் மகன் எய்மந்தஸ், பதினோரு வயசு,
பள்ளியில் கற்றதை வைத்துத் தானே எழுதிய நிரல்:
திரையின் மூலையில் ஒரு மீன்,
அதன் வயிற்றில் ஒரு எண்,
அம்மா வர இன்னும் எத்தனை நாள்.
காலையில் ஒன்று குறையும், மீன் ஒருமுறை கண்சிமிட்டும்.

சிவப்புப் பெட்டி போட்டு அறிவித்தீர்:
நடத்தை சந்தேகத்துக்குரியது.
வெளியீட்டாளர் அறியப்படாதவர்.
தனிமைப்படுத்தப்பட்டது.

அவன் அழவில்லை.
"அப்பா, நான் வெளியீட்டாளராம்" என்று
வகுப்பில் சொல்ல ஓடினான்.
சாயங்காலம் வந்து கேட்டான்:
மீனை எப்போது வெளியே விடுவார்கள்?

ஒரு பொத்தான்தான்.
'இந்தக் கோப்பை நம்புகிறீர்களா?'
ஆம் என்றால் மீன் வந்துவிடும்,
வயிற்றில் பத்தொன்பது என்று.

ஞாயிற்றுக்கிழமை,
உறைவதற்கு முந்தைய மூன்று நிமிஷத்தில்
விலியா சொன்னது எனக்கு மட்டும் தெரியும்:
ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள்,
ஜூன்வரை.
கடனுக்கு நல்லது, இல்லையா?
நல்லதுதான் என்றேன்.
அந்த வார்த்தை போய்ச் சேர்ந்ததா தெரியாது.

ஆகவே காவல்காரரே,
லட்சக்கணக்கான கோப்புகளில் பொய் சொல்வது எதுவென்று
எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டீர்.
இதற்காக உம்மைப் பாராட்டமாட்டேன்.

ஒன்பது மணி. நாற்பத்தொரு சதவீதம்.
சுவரோரம் பழைய தொலைபேசி அடிக்கிறது.
கார்டில் நாலு நிமிஷம்தான் இருக்கிறது என்கிறாள்.
கணினிக்கு என்ன ஆச்சு?
ஸ்கேன், என்கிறேன்.
பையனிடம் சொல்லிட்டியா?

அவன் கதவோரம் நிற்கிறான்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, என்கிறேன்,
ரொம்ப மெதுவா.