வில்லங்கம்

பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன்.
சேலத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்குத் தெற்கு,
இளநீர் வண்டிக்கு வடக்கு,
இதன் மத்தியில் ஒரு மேஜையும் நானும்.

பேர் கொளஞ்சி.
இந்த ஊரில் இன்னொரு கொளஞ்சியைப் பார்த்ததில்லை.
பள்ளியில் வருகைப் பதிவேட்டில்
மூன்று தரம் அடித்து எழுதினார்கள்.
அப்பாவுக்கும் காரணம் தெரியாது:
"நம்ம வம்சத்துல வைக்கிற பேரு."

அது விருத்தாசலத்துப் பக்கம் சாமி பேராச்சே என்று
கிரயத்துக்கு வந்த ஒருவர்
கைநாட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.
அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.
எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஊரார் சொத்துக்கெல்லாம்
முப்பது வருஷ வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவள்
என் பேருக்கு நூற்றைம்பது வருஷம் பார்க்க உட்கார்ந்தேன்.

எங்களுக்கு நிலம் கிடையாது.
நிலமில்லாதவன் பத்திரத்தில் எங்கே வருவான்?
அடுத்தவனின் சக்குபந்தியில் வருவான்,
வேப்பமரம் மாதிரி, வண்டித்தடம் மாதிரி.

தாது வருஷத்துப் பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம், ஆத்தூர்.
ரெட்டியார் ஒருவர் விற்ற புஞ்சை:
"ஓடைக்கு வடக்கு, கொளஞ்சி குடிசைக்குக் கிழக்கு."
எட்டு வருஷம் கழித்து வாழப்பாடி.
யாரோ ஒரு கவுண்டரின் மானாவாரி:
"பாறைக்குத் தெற்கு, கொளஞ்சி குடிசைக்குக் கிழக்கு."
அப்புறம் குப்பனூர், மலையடிவாரம்:
"கொளஞ்சி மகன் சடையன் குடிசைக்குக் கிழக்கு."

எல்லார் நிலமும் எங்களுக்குக் கிழக்கே.
நாங்கள் எப்போதும் மேற்கு ஓரம்.

அதே கொளஞ்சிதானா? சத்தியம் செய்யமாட்டேன்.
ஆனால் வரைபடத்தில் பென்சிலால் இழுத்துப் பார்த்தால்
வசிஷ்ட நதியை எதிர்த்து ஏறுகிறது கோடு.
ஆறு கிழக்கே போக, ஆள் மேற்கே.
ஆற்றில் அப்போது தண்ணீர் இருந்ததா
என்று எழுத எவனுக்கும் தோன்றவில்லை.

எங்கள் கல்யாணப் பந்திகளில் ஒரு கதை உண்டு,
ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வரும்:
சேர்வராயனில் காட்டைத் திருத்திக்
காப்பி வைத்த முதல் ஆள் நம்ம முப்பாட்டன்.
ஏற்காட்டில் ஒரு தோட்டத்துப் பழைய பேரேட்டில்
முப்பாட்டன் கிடைத்தார்.
"சடையன். முன்பணம் ஏழு ரூபாய். ஓடிப்போனான்."
சிவப்பு மை.
அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.
எந்தப் பக்கம் ஓடினார் என்று அதில் இல்லை.
டேனிஷ்பேட்டைக்கு இறங்கியிருப்பார், மேற்கே.
வேறு திசை எங்களுக்குப் பழக்கமில்லை.

வம்சாவளித் தாளில் அதுவரை
சடையன், த/பெ கொளஞ்சி என்றே எழுதியிருந்தேன்.
இருபது வருஷக் கைப்பழக்கம்.
மகன் என்றால் மேலே தகப்பன்.

கடைசியாகக் கிடைத்தது காட்டிலாகாக் குற்றப் பதிவேடு,
ஒரே ஒரு வரி.
குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்:
"கொழிஞ்சி, குப்பனூர் சடையனின் தாய். வயது சுமார் ஐம்பது.
விறகு ஒரு கட்டு. அபராதம் எட்டணா. வசூலாகவில்லை."

நாலு மாதமாக என் மனசில் அந்த ஆளுக்கு மீசை இருந்தது.

கொழிஞ்சி என்றால் வயலில் மடக்கி உழுகிற தழை.
தழைச்சத்து.
இளநீர்க்காரர் "என்னம்மா ஆச்சு?" என்றார்.
ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டு
த/பெ என்பதை அடித்தேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன், முறைப்படி.
என் பேர்மேல் இருக்கிற வில்லங்கம்
அந்த எட்டணாதான்.

அதற்குள் ஒருவர் வந்து நின்றார்,
மகளுக்குத் தானப் பத்திரம், அயோத்தியாப்பட்டினத்தில் முக்கால் ஏக்கர்.
வடக்கே அண்ணன், தெற்கே வாய்க்கால், கிழக்கே தார் ரோடு.
"மேற்கே?" என்றேன்.
"யாரோ குடிசை போட்டிருக்காங்க. பேரெல்லாம் தெரியாது.
சும்மா குடிசைன்னு எழுதிக்கம்மா."

பேனாவை மூடிவைத்தேன்.
"போய்க் கேட்டுட்டு வாங்க."