காது எண்

கால்நடைத் துறையிலிருந்து வந்தது எங்கள் மென்பொருள்.
சும்மாதான் கொடுத்தார்கள். ஒரே ஒரு கையெழுத்து.
உருகுவேயின் வடக்கே எங்கள் மாவட்டத்து மாடு ஒவ்வொன்றும்
பிறந்த நாள், மேய்ந்த புல்வெளி, கைமாறிய சந்தை,
கடைசியாய் ஏறிய லாரி வரை
பிசகாமல் அதற்குள் இருந்தது.
மனிதர்களுக்கென்று எங்களிடம் இருந்தவை
எலி கடித்த பேரேடுகள்.

ஒருவர் செத்தால் அவர் மனைவிக்கு
மருத்துவமனைக்கு ஒரு பேருந்து,
எங்களிடம் வர ஒன்று,
ஓய்வூதிய அலுவலகத்துக்கு மூன்று மணிப் பேருந்து.
அது அநேகமாய் வராது.
மூன்று சன்னலிலும் ஒரே கேள்வி:
இறந்துவிட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்?

வில்மார் இரண்டு மாதம் உட்கார்ந்து
மாட்டை எடுத்துவிட்டு மனிதரை வைத்தான்.
'உரிமையாளர்' என்பதை 'உறவினர்' ஆக்கினான்.
'எடை'யை அழித்தான்.
'இனம்' என்ற கட்டத்தின் முன்
ஒரு பகல் முழுக்க மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான்,
பிறகு அதையும் அழித்தான்.
ஒன்று மட்டும் கண்ணில் படாமல் போயிற்று.

முதல் நாள், முதல் ஆள்
ஓதிலியா எச்செவர்ரி. கையில் ஈரக் குடை.
பெயர் கேட்டேன், தேதி கேட்டேன்.
அடுத்த கட்டம் திரையில் சிவப்பாய்த் துடித்தது:
காது எண்.
நிரப்பாமல் நகராது.

திரையைத் திருப்பப் பார்த்தேன்.
அதற்குள் எட்டி வாசித்துவிட்டார்.
சிரித்தார்.
நான்கு நாளில் முதல் தடவை என்று
அவர் மகள் பின்னால் சொன்னாள்.
"நாற்பது வருடம் அடுத்தவன் மாட்டுக்குக் காது குத்தினார்.
அவருக்கு எண் இல்லை, பெண்ணே.
இடது காதில் முள்கம்பி கிழித்த வெட்டு ஒன்று உண்டு.
வேண்டுமானால் அதைப் போடு."
போட்டேன்.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது,
அவர் இறந்ததும்
இடது காதில் வெட்டு இருந்ததும்.
மூன்று மணிப் பேருந்துக்கு ஓதிலியா நிற்கவில்லை.

திருத்தம் அன்றிரவே போயிற்று,
எங்களைப் போலக் கடன் வாங்கிய ஏழு அலுவலகங்களுக்கும்.
வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பலாமா?
கால்நடைத் துறைக்கு வில்மார்
புதிதாய் ஒரு கட்டம் எழுதி அனுப்பினான்:
பெயர். கட்டாயமில்லை.

மாட்டுக்குப் போய் யார் நிரப்புவார்கள் என்றாராம்
அங்கே மேலாளர்.
போன வாரம் திறந்து பார்த்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.
முப்பது மேகம், பதினொரு சீமாட்டி,
'மறுபடி வேலி தாண்டியவள்' ஒருத்தி,
வேலைக்கு ஆகாத ஒரு கிழட்டுக் காளைக்கு
அந்த மேலாளரின் பெயர்,
எழுத்துப் பிழையில்லாமல்.