கடைசிக் கட்டம்

தோ பாயோ பேரங்காடி. செவ்வாய்க் காலை,
மூத்தோருக்குத் தள்ளுபடி நாள்.
என் கைப்பலகையில் பதினெட்டுக் கேள்விகள்.
வயதுக்கு ஐந்து கட்டம்;
கடைசியில், அறுபத்தைந்தும் அதற்கு மேலும்.

மாசிலாமணிக்கு எண்பத்தொன்பது.
கட்டிப்பால் டின்னை
விலை பார்க்காமல் கூடையில் போட்டார்.
பின்னால் வந்தவர் அதை எடுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சீனி எத்தனை கிராம் என்று வாசித்து
திரும்ப அடுக்கில் வைத்தார்.

"மகன்," என்றார் மாசிலாமணி.
"போன மாசம்தான் அறுபத்தாறு முடிஞ்சுது.
வயசாயிட்டா இப்படித்தான் தம்பி,
எல்லாத்துக்கும் பயம்."

இருவருக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டேன்.

ஏழாம் கேள்வி:
வீட்டில் வாங்குவதைத் தீர்மானிப்பவர் யார்?

மகன் முட்டைப் பக்கம் நகர்ந்தார்.
பால் டின் மறுபடி கூடைக்குள்,
இம்முறை
ஓட்ஸ் பொட்டலத்துக்கு அடியில்.