முப்பது கிலோ

எதிர் ஃபிளாட் ஷெரின் வீட்டில்
பெட்டிகளை எடைபோடுகிறார்கள்.
நாளைக் காலை கோழிக்கோட்டுக்கு விமானம்.
பால்பவுடர் டின் ஒன்று
உள்ளே போவதும் வெளியே வருவதுமாய் இருக்கிறது.
வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த சேந்தன்
தன் இரண்டு சட்டைகளையும்
அல்லியின் குரங்குத் தொப்பியையும்
பக்காலா கொடுத்த பிளாஸ்டிக் பையில் திணித்து,
தங்கச்சிக்கும் செருப்பு மாட்டிவிட்டு
சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"
"லீவு விட்டாச்சே, சார்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.
அந்த இல்லத்தில்
லீவு என்றால் யாராவது வருவார்கள்.
கார் வைத்திருக்கிற யாராவது.
கூட்டிப்போய்ப் பிரியாணி போட்டு,
கடல் காட்டி, போட்டோ எடுத்து,
ஐந்தாம் நாள் கேட்டில் இறக்கிவிடுவார்கள்.
எங்களையும் அந்தக் கணக்கில் வைத்திருக்கிறான்.
கொஞ்சம் தூரத்து வீடு,
விமானத்தில் போகிற வீடு,
அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னை டிக்கெட்டை அன்றிரவே ரத்து செய்தேன்.
பாதிப் பணம்தான் திரும்பும்.
ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து மரகதம்
"போகட்டும், பெட்டியை மட்டும்
அலமாரி மேலேருந்து இறக்கிடாதீங்க" என்றாள்.

அப்படித்தான் ஃபஹாஹீலில்,
நாலாம் மாடியில்,
பன்னிரண்டு நாள்.

ஒன்பது டிகிரி.
பால்கனியில் வாய்ப்புகை விட்டு
அண்ணனும் தங்கையும் பீடி குடித்தார்கள்.
தூரத்தில் ரிஃபைனரித் தீ.
"அது யாரு வீட்டு அடுப்பு?"
"என் ஆபீஸ் அடுப்பு."
"ராத்திரி அணைக்க மாட்டீங்களா?
கேஸ் வீணாப் போகுது" என்றாள் அல்லி,
நாலு வயதில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளாய்.

தலையணை உறைக்குள் குப்பூஸ் கிடைத்தது,
அப்பளமாய்க் காய்ந்து.
மரகதம் அதைத் தூக்கிப் போடவில்லை.
மூடி வைத்த டப்பா ஒன்று கொடுத்து
"எறும்பு வராது, இதுல வை" என்றாள்.
எங்களிடம் கேட்டுத் தின்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.
நடுராத்திரி தாகமெடுத்தால்
அல்லி வாளியைக் கவிழ்த்து ஏறி
குளியலறைக் குழாயில் குடிப்பாள்,
சத்தமில்லாமல், இருட்டிலேயே.

ஏழாம் நாள் நான் கத்திவிட்டேன்.
ஹீட்டருக்குள் கிரேயான் போட்டதற்கு.
வீடெல்லாம் மெழுகு நாற்றம்.
சேந்தன் அழவில்லை,
நேராகப் போய்ப் பிளாஸ்டிக் பையை எடுத்தான்.
நான் குளியலறைக்குள் போய்
குழாயைத் திறந்துவிட்டு
அந்தக் கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.
பாடம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.
வெளியே வந்து தோசை சுட்டேன்.
முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை.
அதைத்தான் இருவரும் போட்டிபோட்டுச் சுரண்டித் தின்றார்கள்.

ஷெரின் விட்டுப்போன கைத்தராசு
கதவுக் கைப்பிடியில் தொங்கியது.
பாஸ்மதி சாக்கில் அல்லியை உட்காரவைத்துத் தூக்கினேன்:
பதினாலு.
சேந்தன், முட்டியை மடக்கிக்கொண்டு:
பதினேழு.
அவன் விரல்விட்டுக் கூட்டினான்.
ஷெரின் வீட்டில் கேட்டிருக்கிறான்,
ஒரு ஆளுக்கு முப்பது கிலோதான்.
"ஒண்ணு கூடுது, சார்.
எதை வெளிய எடுப்பீங்க?"

அவன் பார்வை தங்கச்சிமேல் இல்லை,
தன் கால்மேல் இருந்தது.

"எடுக்க மாட்டேன். கூடுனதுக்குக் காசு கட்டுவேன்."
"எவ்வளவு கேப்பாங்க?"
"எவ்வளவு கேட்டாலும்."
யோசித்தான்.
"மூணு தினாருக்கு மேல குடுக்காதீங்க" என்றான்,
என்னை ஏமாளி என்று முடிவுகட்டி.

நாளை ஷெரின் வீட்டார் வருகிறார்கள்.
மறுநாள் பள்ளிக்கூடம்.
மணி இரண்டிருக்கும்.
"சார்… சார்! தண்ணி!"
வாளி நகரும் சத்தம் இல்லை.
படுத்த இடத்திலிருந்தே வருகிறது குரல்.
"சுடுதண்ணி. சீக்கிரம்."

கெட்டிலைப் போட ஹாலுக்கு வந்தேன்.
பிளாஸ்டிக் பை
சோபாவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது.
குனிந்து பார்த்தேன்.
இப்போது ஒரு சட்டைதான்.